பன்னிரண்டு நாள் அப்பாவைக் காத்தவர்களுக்கு

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பாவைப் பிழைக்க வைத்தவர்களுக்கு இந்த மடல். பெயர் போட்டால் சங்கடப்படுவார்கள் என்பதால் யார் பெயரையும் எழுதவில்லை.

முதலில் எங்கள் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் தொடை இடுக்கில் மூன்று வருடமாக ஒரு புடைப்பு இருந்தது. குடலிறக்கம், அதாவது வயிற்றுச் சுவர் பலவீனமான இடத்தில் குடல் வெளியே பிதுங்குவது. படுத்தால் உள்ளே போய்விடும். வலை இழுத்தால் வெளியே வந்துவிடும். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வல்லத்தில், அதாவது மீன்பிடிப் படகில், ஏறிவிடுவார். அன்றிரவு அது உள்ளே போகவில்லை. கல்லாக இறுகிவிட்டது. ஓயாத வாந்தி. வாயுப் பிடிப்பு என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுத்தவள் நான்தான்.

108 வண்டியில் வந்த தம்பி புடைப்பைத் தொட்டுப் பார்த்தார். "இனி ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள் அக்கா" என்றார். வண்டி பாம்பன் பாலத்தில் ஏறியது. 1988இல்தான் இந்தச் சாலைப் பாலம் வந்தது. அதற்கு முன் தீவிலிருந்து கரையேற ரயிலைத்தான் நம்ப வேண்டும். அந்தப் பாலத்துக்கும் ஒரு நன்றி.

இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விடிவதற்குள் அறுவை சிகிச்சை முடிந்தது. சிக்கிய குடல் ரத்த ஓட்டமின்றி ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்திருந்ததாம். அதை வெட்டியெடுத்து, நல்ல முனைகளை இணைத்துத் தைத்தார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று நாங்கள் நினைத்தோம். "தையல் ஒட்டும்வரை ஒரு வாரம் கவனமாக இருக்க வேண்டும். கசிந்தால் வயிறு முழுக்கச் சீழ் பிடிக்கும்" என்றார் டாக்டர்.

அந்த வாரத்தைக் காவல் காத்த செவிலியர் அக்காவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? மறுநாளே அப்பாவை எழுப்பி நடக்க வைத்தார். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், குடலும் அசையாது என்றார். இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். சர்க்கரை ஏறினால் புண் ஆறாது என்று வேளாவேளைக்கு விரலில் குத்தினார். குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டதா என்று அறிய, தினமும் காலையில் வார்டே கேட்க ஒரே கேள்வி: "வாயு பிரிந்ததா?" நான்காம் நாள் பிரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் கைதட்டினார்கள்.

ஐந்தாம் நாள் அப்பா நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். நாடி பார்த்த அக்காவின் முகம் மாறியது. நிமிடத்துக்கு 118. காய்ச்சல்கூட இன்னும் வரவில்லை. "ஆபரேஷன் ஆனவருக்கு இது சகஜம்" என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரை அழைத்தார். ஸ்கேனில் தையல் பத்திரமாக இருந்தது. நுரையீரலின் அடியில்தான் சளி கட்டியிருந்தது. நாற்பது வருட பீடி!

பிறகு மூச்சுப் பயிற்சிக்காக மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி வந்தது. அப்பா மூச்சைப் பிடித்து ஊதினார். பந்து அசையவே இல்லை. "ஊதாதீர்கள் ஐயா, இழுங்கள். பீடி இழுப்பீர்களே, அதுபோல" என்றார் பிசியோதெரபி தம்பி. மூன்று பந்தும் மேலேறின. வார்டே சிரித்தது. அப்பா அதன்பின் பீடியைத் தொடவில்லை. இதற்காக அம்மா அந்தத் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லச் சொன்னார்.

வார்டைத் துடைத்த ஆயாம்மா, எனக்கு இரவில் பாய் கொடுத்த பரமக்குடிப் பெரியம்மா, எல்லோரையும் நினைத்துக்கொள்கிறோம். வல்லத்துக்காரர்கள் அப்பா கடலுக்கு வராத நாட்களிலும் அவர் பங்கைப் பிரித்து வீட்டில் கொடுத்தார்கள். ஆறு வாரம் குடம்கூடத் தூக்கக் கூடாது என்பது உத்தரவு. இப்போது கரையில் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்க்கிறார். கைலியை இறுக்கிக் கட்டுகிற யாரைப் பார்த்தாலும் விசாரிக்கிறார்.

ரத்தம் கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போன இரண்டு கல்லூரிப் பிள்ளைகளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். இதைப் படித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிமடத்துக்கு வாருங்கள். சீலா மீன் குழம்பு வைக்கிறேன்.