ஆற்றங்கரையை விட்டுவிட்டுக் கடலில் பாசியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் சிலாங்கூரின் மோரிப் கடலில் பாசி வளர்த்தால் லங்காட் ஆறு கொண்டுவரும் அழுக்கை அது தின்றுவிடும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் உரம் போடும் வேலையிலேயே வயதைக் கழித்தவள் நான். எனக்கும் இதில் சொல்ல இருக்கிறது.

செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப்பனைக்கு, நாங்கள் வீசிய அதே நைட்ரஜனும் பாஸ்பேட்டும்தான் கடல்பாசிக்கும் சாப்பாடு. அதில் சந்தேகமில்லை. ஆனால் குலையை வெட்டி ஆலைக்கு ஏற்றினால்தானே மண்ணின் சத்து தோட்டத்தை விட்டுப் போகிறது? பாசியும் அப்படித்தான். அறுத்துக் கரையேற்றினால் மட்டுமே அழுக்கு கடலை விட்டு வெளியேறும். விட்டுவைத்தால் அழுகி, தின்றதைத் தண்ணீரிலேயே கக்கிவிடும். அழுகும்போது மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனும் குறைந்துபோகும்.

என் மகன் சபாவில், செம்பொர்ணாவில் ஆசிரியராக இருந்தபோது அங்கே போயிருக்கிறேன். கடலை நம்பி வாழும் பஜாவ் இனக் குடும்பங்கள் கயிற்றில் பாசித் துண்டுகளைக் கட்டி, காலி பிளாஸ்டிக் போத்தல்களை மிதவையாக விட்டு வளர்க்கிறார்கள். ஏறக்குறைய 45 நாளில் அறுத்துப் பலகைத் தட்டில் காயவைக்கிறார்கள். ஐஸ்கிரீமும் பற்பசையும் கெட்டியாக இருக்கச் சேர்க்கும் கராஜீனன் அதிலிருந்துதான் கிடைக்கிறது. அங்கே அடிமணல் தெரியும் தண்ணீர். அப்படியும் மழையில் உப்பு குறைந்தாலோ சூடு ஏறினாலோ பாசி வெளுத்து ஒடிந்துவிடுகிறது. அந்த நோய்க்கு 'ஐஸ்-ஐஸ்' என்று பெயர். வெயில் இறங்காத நம் சேற்றுத் தண்ணீரில் அந்த வகையைக் கட்டினால் பிழைக்காது. சேற்றையும் கலங்கலையும் தாங்கும் கிராசிலாரியா என்ற வேறு பாசி மோரிப்பில் தானாகவே வளர்கிறது. அகார்-அகார் எடுக்கும் இனம் அது. அதை வளர்ப்பதென்றால் எனக்கும் சம்மதமே. ஆனால் தண்ணீரில் கலந்து வரும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் பாசி உறிஞ்சிக்கொள்ளும். தொழிற்சாலைக் கழிவு இறங்கும் தண்ணீரில் வளர்ந்ததைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது?

அதனால்தான் கடலுக்குப் போகுமுன் கரையைப் பாருங்கள் என்கிறேன். எங்களை வேலை வாங்கிய பழைய மண்டோர் (மேற்பார்வையாளர்) வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் உர மூட்டையைப் பிரிக்கச் சொல்வார். மழை இருட்டினால் வேறு வேலை. ஆற்றோர மரங்களுக்கு உரமே கிடையாது. இப்போது குத்தகை ஆட்களுக்கு மூட்டைக் கணக்கில் கூலி. மழை வருமென்று தெரிந்தாலும் அன்றைய மூட்டைகள் காலியாக வேண்டும். அவர்களைக் குறை சொல்லவில்லை, அது வயிற்றுப்பாடு. கூலியை அப்படிக் கணக்குப் போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும். சாயங்காலம் ஒரு மழை அடித்தால் காலையில் போட்டது கரைந்து வாய்க்காலில் ஓடுகிறது.

40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர் ஒதுக்குநிலம் வேண்டும், 5 மீட்டருக்கும் குறுகிய ஓடைக்குக்கூட 5 மீட்டர் விட வேண்டும் என்பது நீர்ப்பாசன, வடிகால் துறையின் வழிகாட்டி. அங்கே புல்லும் மரமும் நின்றால் மண்ணும் உரமும் பெரும்பாலும் கரையிலேயே தங்கிவிடும். மருந்தடித்துக் கருக்கிய கரையில் எது தங்கும்?

தோட்டங்கள் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். காஜாங்கிலிருந்தே ஊர்க் கழிவும் ஆலைக் கழிவும் லங்காட்டில் சேர்ந்துதான் வருகின்றன. இதில் வந்து கலக்கும் செமினி ஆற்றில் 2016இல் அடித்த நாற்றத்தால் நீர் சுத்திகரிப்பு நிலையத்தையே மூடினார்கள். குழாயில் தண்ணீர் இல்லாமல் நாங்கள் பட்டபாடு கொஞ்சமல்ல.

சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீடு 6 அளவுகளைக் கொண்டது. அம்மோனியா நைட்ரஜன் அதில் உண்டு, பாஸ்பேட் இல்லை. பாசிக்குப் பணம் ஒதுக்குமுன் பந்திங் பாலத்தடியில் இரண்டையும் மாதாமாதம் அளக்கட்டும். உரம் போடும் மாதங்களில் மழைக்கு மறுநாளும் அளக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கி உங்கள் பத்திரிகையில் போடுங்கள். எங்கள் கோயில் மண்டபத்தில் நான் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
பந்திங், சிலாங்கூர்