கூரை வகுப்பு

அன்புத் தோழிக்கு,

எட்டு மாதங்களாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. உன் இரண்டு கடிதங்களும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அதைத் திறக்கும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. நம் கும்பகோணத்தாள் மறுபடியும் வீடு மாற்றிவிட்டாளாமே, இந்த முறையாவது அவளுக்கு மொட்டைமாடி கிடைத்ததா? இந்தக் கரீபியன் தீவில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சீமைப்பலாவைச் சுட்டுச் சாப்பிடவும், எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் ‘குட் மார்னிங்’ சொல்லிவிட்டுப் பிறகு பேசவும் பழகிவிட்டேன்.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், கூரை வகுப்பு சென்ற வியாழனன்று நின்றுபோனது.

2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி கிரெனடா நாட்டின் கரியாக்கூத் தீவில் அநேகமாக எல்லா வீடுகளையும் சேதப்படுத்தியது உனக்கு நினைவிருக்கும். எங்கள் தீவு ஓரளவு தப்பியது. ஆனால் அங்கே கூரையிழந்த உறவினர்கள் இங்கே பலருக்கு உண்டு. அதனால்தான், கூரை அமைக்கக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்றைத் தொடங்கலாம் என்று இளைஞர் பணிக்கான எங்கள் கள அலுவலர் சொன்னதுமே 3 ஊர்களிலிருந்து 18 பேர் வந்து பெயர் கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் ஆசிரியரானார். இருபக்கச் சரிவைவிட நாற்பக்கச் சரிவுள்ள கூரையே காற்றைத் தாங்கும் என்பதையும், கைமரத்தைச் சுவரின் மேல்கட்டையோடு வெறும் ஆணியால் அடிக்காமல் இரும்புப் பட்டை வைத்துப் பிணைக்க வேண்டும் என்பதையும், தகரத்தைத் திருகாணியால் முடுக்க வேண்டும் என்பதையும் அவர் ஒரு பழைய அட்டைப்பெட்டியை வெட்டியே விளக்கினார். அன்று அந்தப் பிள்ளைகளின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பிறகு கருவிகள் வாங்கும் படலம் தொடங்கியது. பணம் வெளிநாட்டு நிதியிலிருந்து வருவது. எதை வாங்கினாலும் 3 விலைப்புள்ளிகள் வேண்டும் என்பது அவர்கள் விதி. அந்தக் கருவிகளை விற்கும் கடை இத்தீவில் ஒன்றுதான். மற்ற இரண்டுக்கும் பக்கத்துத் தீவுகளுக்குக் கடிதம் எழுதி, பதில் வராமல் மீண்டும் எழுதி, சரக்கு வந்த பின் சுங்க வரி விலக்குக்காக இன்னோர் அலுவலகத்தின் கையொப்பத்துக்குக் காத்திருந்து, ஐந்து மாதம் ஓடிவிட்டது. பெட்டிகளைத் திறந்தபோது 18 பேரில் 7 பேர்தான் இருந்தார்கள். சிலர் சொகுசுக் கப்பல் வேலைக்குப் போய்விட்டார்கள். நான்கு பேர் கனடாவின் பருவகாலப் பண்ணைத் திட்டத்தில் பெயர் கொடுத்து ஒன்டாரியோவுக்குப் பயணமாகிவிட்டார்கள். 1976 முதல் இந்தக் கிழக்குக் கரீபியன் தீவுகளின் ஆட்கள் அதில் போகிறார்கள். ஆண்டுக்கு 8 மாதம்வரை அங்கேயே வேலை. அந்த நால்வரில் ஒருவனுடைய தந்தைக்கு வாழைத்தோட்டம் இருந்தது. பிரிட்டனில் கிடைத்துவந்த சலுகைச் சந்தை கைவிட்டுப் போனபின் அது புதர் மண்டிக் கிடக்கிறது. மகன் கண்காணாத ஊரில் தக்காளி பறிக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதற்குள் திட்டக் காலம் முடிந்துவிட்டதால் மீதிப் பணத்தைத் திருப்பியனுப்ப வேண்டியதாயிற்று. தச்சருக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. கருவிகள் பூட்டிய அறையில் இருக்கின்றன.

கள அலுவலரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் முழுமையாகாது. தீவு முழுவதுக்கும் அவர் ஒருவர்தான். அலுவலக ஜீப் டயர் இல்லாமல் முற்றத்தில் கல்மேல் நிற்கிறது. அவர் மினிபஸ்ஸில், சொந்தக் காசில், ஊர் ஊராகப் போய்வருகிறார். இளைஞர் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்த காமன்வெல்த் இளைஞர் திட்டத்துக்குக் கயானாவின் ஜார்ஜ்டவுனில் மண்டல மையம் இருந்த காலத்தில் அங்கே பயிற்சி பெற்றவர். ஸ்ரீபெரும்புதூரில் நம் பேராசிரியர் சண்டிகர் மையத்தைப் பற்றி ஓயாமல் பேசுவாரே, அதே திட்டம்தான். இரண்டு மையங்களுமே இன்று இல்லை. இங்கே உள்ளவர்களுக்கு வேலை தெரியாது என்று வெளியிலிருந்து வருபவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. தெரிந்தவர்களின் கையில் ஒரு டயர் வாங்கக்கூடப் பணம் இல்லை. அடுத்த ஆண்டும் இருக்கும் என்று நம்பித் தொடங்க ஒரு வேலையும் இல்லை.

வியாழனன்று பூட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, மீதமிருப்பவர்களில் இளையவன், “மிஸ், அடுத்த வாரம் வருவீர்களா?” என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. செப்டம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்புக் கடிதத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை. என் வேலையில் முக்கால் பங்கு அறிக்கை எழுதுவதாகவே இருக்கிறது. “18 பேர் சேர்ந்தனர்” என்று எழுதினேன், அது பொய்யில்லை. ஆனாலும் அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

சூறாவளிப் பருவம் ஜூன் 1-ல் தொடங்குகிறது. இன்னும் மூன்று வாரம்தான். கூலி இல்லாவிட்டாலும் தன் வீட்டு முற்றத்தில் கற்றுத்தருவதாகத் தச்சர் சொல்லிவிட்டார். கருவிகளை அலுவலகத்திலிருந்து இரவல் கொடுக்க ஒரு முறை இருந்தால் போதும். தர்மபுரியில் கொத்தனார் வேலை பழகிய பெண்களுக்குக் கருவி கொடுத்து வாங்க நீ ஒரு பதிவேடு வைத்திருந்தாயே, அதன் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பு. தொலைந்தால் யார் பொறுப்பு என்று எப்படி எழுதி வாங்கினாய் என்பதுதான் எனக்கு முக்கியம். உன் கையெழுத்து புரியாவிட்டால் போன் செய்வேன். நமக்கிடையே ஒன்பதரை மணி நேர வித்தியாசம், அகாலத்தில் எழுப்பினேன் என்று சண்டைக்கு வராதே. ஞாயிற்றுக்கிழமைக்குள் படங்கள் வந்தால், திங்கள் காலை கள அலுவலரோடு உட்கார்ந்து எழுதி முடித்துவிடுவேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி