ஒரு பெல்ட்டுக்காக பிளேயரைத் தூக்கிப் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அப்பாரு காலத்து ரெக்கார்டு பிளேயரைப் பழைய இரும்புக் கடையில் போடுவது நம் கோவை, ஈரோடு பக்கம் இன்னும் நடக்கிறது. கேட்டால் "பெல்ட் போச்சுங்க, எங்கயும் கிடைக்கல" என்கிறார்கள். மோட்டார் நன்றாகவே ஓடும். மோட்டார் புல்லியிலிருந்து, ரெக்கார்டு உட்காரும் தட்டைச் சுற்ற வைக்கிற மெல்லிய ரப்பர் வளையம் மட்டும் வருஷக்கணக்கில் சும்மா கிடந்து தொய்ந்தோ, தார் மாதிரி இளகியோ போயிருக்கும், பாட்டு இழுத்து இழுத்துக் கேட்கும், அவ்வளவுதான் கோளாறு.

எல்லா பிளேயரிலும் பெல்ட் கிடையாது, ரப்பர் சக்கரம் உரசி ஓடுபவையும் உண்டு, அதனால் முதலில் தட்டைத் தூக்கிப் பாருங்கள். பெல்ட் ஓடிய தடத்தில் புல்லியையும் சேர்த்து நூலைச் சுற்றி அளந்து, அதில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைத்தால் வேண்டிய சுற்றளவு கிடைத்துவிடும். அகலமும் கனமும் முக்கியம். கனம் கூடினால் தட்டின் வேகமும் கூடும், ரொம்ப இறுக்கினால் மோட்டார் தண்டைத் தாங்குகிற புஷ் தேயும். அப்புறம், பழைய ரப்பர் பிசுக்கை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காமல் புது பெல்ட்டைப் போட்டால் அதுவும் வழுக்கும்.

சைக்கிள் டியூபை வெட்டிப் போடுகிறார்கள், திருப்பூர் எலாஸ்டிக்கைத் தைத்துப் போடுகிறார்கள். அவசரத்துக்குச் சரி. ஆனால் அந்தத் தையல் புல்லி மேல் ஏறும் ஒவ்வொரு தடவையும் ஒரு குலுக்கல் வரும், நாதஸ்வரத்தில் நீட்டிப் பிடிக்கிற சுரத்தில் அது அப்பட்டமாகத் தெரியும், கேட்கவே மனசு கஷ்டப்படும்.

ஸ்பின்னிங் மில் மெஷினில் பஞ்சு இழையைப் பிடித்து நகர்த்துகிற ஏப்ரன் என்னும் ரப்பர் வளையத்தை, ஒட்டே இல்லாமல் செய்கிற ஊர் கோவை. ரப்பர் குழாயை உருளையில் ஏற்றி, கனம் சமமாகும்படி அரைத்து, வளையம் வளையமாக அறுக்கிற கைகளுக்கு இந்த பெல்ட் பெரிய வேலையே இல்லை. ஒண்ணே ஒண்ணுக்காக எப்படி அச்சு போடுவது என்று பட்டறைக்காரர்கள் கேட்பதும் நியாயம்தான். அதனால் பிளேயர் வைத்திருப்பவர்கள் அளவுகளைச் சேர்த்து மொத்தமாகக் கொடுக்கலாம். நூறு அளவு வேண்டியதில்லை, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ரப்பர் இழுத்துக் கொடுக்கும் என்பதால் சில அளவுகளே பலருக்குப் பொருந்திவிடும்.

பொருத்திய பிறகு வேகம் பார்க்க, தட்டின் மேல் வைத்துச் சுற்ற விடுகிற, வட்டமாக 180 கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டை போதும். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில், பழைய சோக் வைத்த டியூப்லைட் வெளிச்சத்தில் கோடுகள் நகராமல் நின்றால் தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என்ற சரியான எல்.பி. ரெக்கார்டு வேகத்தில் சுற்றுகிறது. எல்.இ.டி. விளக்கில் பெரும்பாலும் சரியாகத் தெரியாது.

இந்த பெல்ட்டைச் செய்து தரக்கூடிய பட்டறை கோவையில் கணபதியிலோ பீளமேட்டிலோ இருந்தால், தெரிந்தவர்கள் இந்தப் பகுதியில் எழுதுங்கள். முதல் ஆர்டர் கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
வாசகர், பொள்ளாச்சி