ஹாம்பர்க் சாம்பியன் ஏன் மேலே போக மறுக்கிறது? ஒரு திறந்த மடல்

வடஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் ஆட்டக் குழுவினருக்கும் ஹாம்பர்க் கால்பந்துச் சங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

ஜெர்மன் கால்பந்தின் ஐந்தாம் அடுக்கான ஹாம்பர்க் ஓபர்லிகாவில் ஒரு கிளப் சீசன் முழுக்க ஆடி முதலிடம் பிடிக்கிறது. ஆனால் மேலே உள்ள நான்காம் அடுக்கான ரெகியோனால்லிகா நோர்டுக்கு அது பல நேரம் விண்ணப்பித்திருப்பதில்லை. டாசென்டோர்ஃப் அணி 2014 முதல் அடுத்தடுத்துப் பல சீசன்களில் பட்டம் வென்றும் மேலே போகவில்லை. 2017இல் அதற்குப் பதிலாக ஆல்டோனா 93 என்ற கிளப் ஏறியது, மறு ஆண்டே இறங்கியது. கிளப்புகளுக்குத் துணிச்சல் இல்லை என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. நாங்கள் அதை ஏற்கவில்லை. படியின் உயரம்தான் சிக்கல். அதைக் குறைக்கும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறோம்.

இந்த உயரம் 2008இல் வந்தது. அதற்கு முன் ஹாம்பர்க்கின் முதல் லீகுக்கும் ரெகியோனால்லிகாவுக்கும் நடுவே ஓபர்லிகா நோர்ட் இருந்தது. ஹாம்பர்க், பிரேமன், நீடர்சாக்சன், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் ஆகிய நான்கு மாநிலங்களின் நல்ல அணிகளும் அதில் மோதிக்கொண்டன. தேசிய அளவில் மூன்றாம் லிகா தொடங்கியபோது ஓபர்லிகா நோர்ட் கலைக்கப்பட்டது. ஹாம்பர்க் லீக் அன்றும் ஐந்தாம் அடுக்கு, இன்றும் ஐந்தாம் அடுக்கு. ஆனால் அன்று அடுத்த அடுக்கில் காத்திருந்தவை தன்னைப் போன்ற கிளப்புகள். இன்று அங்கே இருப்பவை முழுநேர ஆட்டக்காரர்களை வைத்திருக்கும் கிளப்புகளும் புண்டஸ்லிகா கிளப்புகளின் இரண்டாம் அணிகளும். ஹாம்பர்க் நகரத்திலிருந்து ரெகியோனால்லிகாவில் நிலையாக நிற்பவை எவை என்று பாருங்கள்: எச்எஸ்வி (ஹாம்பர்கர் எஸ்வி) கிளப்பின் இரண்டாம் அணி, சாங்க்ட் பவுலியின் இரண்டாம் அணி. இரண்டுக்கும் பின்னால் பெரிய கிளப்பின் பணமும் பயிற்சி வசதியும் இருக்கின்றன.

முதலில் பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஓபர்லிகாவில் வெளியூர் ஆட்டம் என்றால் பெரும்பாலும் எஸ்-பான் நகர ரயிலில் போய் வரும் தூரம். ஆட்டக்காரர் சொந்தக் காரில் வருவார், இரவு உணவுக்கு வீட்டில் இருப்பார். ரெகியோனால்லிகாவில் எம்டன், மெப்பன் ஊர்களுக்குச் சாலை வழியே சுமார் 250 கிலோமீட்டர். புதன்கிழமை இரவு ஏழரைக்கு எம்டனில் ஆட்டம் என்றால் பேருந்து மதியம் இரண்டரைக்காவது கிளம்ப வேண்டும், ஏனென்றால் ஏ1 நெடுஞ்சாலை நெரிசலுக்குத் தனியாக நேரம் ஒதுக்கியாக வேண்டும். ஆட்டம் ஒன்பதே காலுக்கு முடியும். குளித்து, சாப்பிட்டு, பத்தேகாலுக்குக் கிளம்பினால் ஹாம்பர்க் சேரும்போது இரவு மணி ஒன்றரை ஆகிவிடும். எலக்ட்ரீஷியனாகவோ செவிலியராகவோ வேலை பார்க்கும் ஓர் ஆட்டக்காரர் அன்று அரை நாள் விடுப்பு எடுத்தாக வேண்டும், மறுநாள் காலை ஷிஃப்டுக்கும் போக முடியாது. ஓர் ஆட்டத்துக்கு ஒன்றரை நாள் விடுப்பு. குளிர்காலத்தில் தள்ளிப்போன ஆட்டங்கள் மார்ச், ஏப்ரல் மாதப் புதன்கிழமைகளில்தான் வந்து குவிகின்றன. பேருந்து வாடகைக்கு ஸ்பான்சரைப் பிடித்துவிடலாம். ஆண்டு விடுப்புக்கு யாரும் ஸ்பான்சர் ஆக முடியாது.

எனவே ஒரு வேண்டுகோள்: 150 கிலோமீட்டருக்கு மேல் பயணம் உள்ள ஆட்டத்தை வார நாளில் வைக்க வேண்டுமானால், வருகை அணியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் கட்டாயம் என்று விதியில் சேருங்கள். வடக்கு, மேற்கு மூலைகளிலுள்ள அணிகளோடு ஆடும் ஆட்டங்களை அட்டவணையின் முதல் பாதியிலேயே, செப்டம்பர், அக்டோபர் வார இறுதிகளில் போட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

பயணத்தைவிடக் கடினமானது மைதானம். ஹாம்பர்க்கின் ஆடுகளங்களில் பெரும்பகுதி கிளப்புகளுக்குச் சொந்தமில்லை, நகரத்தின் மாவட்ட அலுவலகங்களுக்குச் சொந்தம். அங்கே வாரம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளும் இளையோர் அணிகளும் ஆடுகிறார்கள். மழைக்காலத்தில் புல்தரையை மாவட்டம் மூடிவிட்டால் கிளப்பால் ஒன்றும் செய்ய முடியாது. செயற்கைப் புல்லுக்கு மாறினால் வேறொரு தடை: ஜெர்மன் கோப்பை ஆட்டத்துக்கு இயற்கைப் புல்தரைதான் வேண்டும். ஹாம்பர்க்கின் டொய்டோனியா 05 ஓட்டன்சன் கிளப்புக்கு நடந்தது நினைவிருக்கும். 2022இல் ஜெர்மன் கோப்பையில் ஆர்பி லைப்சிக் அணியுடன் ஆட அந்த அணிக்கு ஹாம்பர்க்கில் தகுதியான புல்தரை கிடைக்கவில்லை. டெசா நகரில் ஒரு மைதானத்தைப் பிடித்தார்கள். அந்தப் புல்லை யாரோ ரசாயனம் ஊற்றிக் கெடுத்துவிட்டார்கள். கடைசியில் தங்கள் சொந்த ஆட்டத்தை எதிரணியின் மைதானத்தில் ஆடி 0-8 என்று தோற்றார்கள். பதினெட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் நகரம் இது.

ரெகியோனால்லிகா கேட்கும் மாற்றங்களில் மிகுந்த வேலை வாங்குவது வருகை ரசிகர்களைப் பிரித்து வைப்பது. தனி நுழைவாயில், தனிக் கழிப்பறை, தனி உணவுக் கடை, நடுவில் வேலி. நிலையான வேலி போட மாவட்டம் அனுமதிக்காது, ஏனென்றால் திங்கட்கிழமை அங்கே பள்ளி வகுப்பு. ஆகவே கட்டுமான இடங்களில் வைக்கும் தற்காலிக வேலியை வாடகைக்கு எடுக்கிறார்கள். ஒரு வேலிச் சட்டகம் மூன்றரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் உயரம். நூறு மீட்டருக்கு 29 சட்டகங்கள், 30 அடிக்கட்டைகள். ஒவ்வொரு இணைப்பிலும் மேலொன்று கீழொன்றாக இரண்டு கிளிப் போட வேண்டும். மேலே மட்டும் போட்டால் கூட்டம் சாயும்போது கீழ்ப்பக்கம் பிதுங்கிக்கொண்டு வரும். பார்வையை மறைக்கத் துணி கட்டினால் காற்று வேலியை மொத்தமாகச் சாய்த்துவிடும், ஆகவே துணி கட்டும் இடத்தில் பின்பக்கம் சாய்வுக் கம்பி அவசியம். வெள்ளி மாலை நிறுத்தி, சனி இரவு பிரித்து அடுக்குவது தன்னார்வலர்கள். ஒரு சீசனில் இது 17 முறை.

விளக்கிலும் இதே கதை. பயிற்சிக்குப் போட்ட விளக்கு நடு வட்டத்தில் நன்றாகவே எரியும், கார்னர் கொடி அருகே மங்கும். அளவெடுப்பவர் களம் முழுக்கக் கட்டம் போட்டு அளக்கும்போதுதான் அது வெளிப்படும். விளக்கை மட்டும் எல்இடிக்கு மாற்றலாம் என்றால், பழைய கம்பம் புதிய சுமையைத் தாங்குமா என்று பொறியாளர் சான்று தர வேண்டும். பக்கத்தில் வீடுகள் இருந்தால் வெளிச்சம் சன்னலில் விழுவது பற்றியும் பதில் சொல்ல வேண்டும். வசந்தத்தில் குறையைச் சொல்லி ஆகஸ்டுக்குள் சரிசெய் என்றால் எந்தக் கிளப்பாலும் முடியாது.

இதற்கு நாங்கள் கேட்பது இதுதான். பரிசோதனையை அக்டோபருக்குக் கொண்டுவாருங்கள். ஓபர்லிகாவில் முதல் ஆறு இடங்களில் உள்ள கிளப்புகளுக்கு, விண்ணப்பித்தாலும் விண்ணப்பிக்காவிட்டாலும், உங்கள் ஆள் ஒருவர் மைதானத்துக்குப் போய்க் குறைகளை எழுதித் தரட்டும். பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். ரசிகர் பிரிப்பு, ஆம்புலன்ஸ் வழி, அவசர வெளியேற்றம், விளக்கு ஆகியவை முதல் நாளிலிருந்தே வேண்டும். கூரையுள்ள இருக்கைகள், பத்திரிகையாளர் மேசை, கேமரா மேடை போன்றவற்றுக்கு இரண்டு சீசன் அவகாசம் கொடுங்கள். பாதுகாப்பில் சலுகை கேட்கவில்லை. மற்றதற்கு அவகாசம் கேட்கிறோம்.

ரெகியோனால்லிகாவுக்கு ஏறுபவர்களை முடிவு செய்யும் ஏற்றச் சுற்று பற்றியும் சொல்ல வேண்டும். நீடர்சாக்சன் சாம்பியன் நேராக ஏறுகிறது. மற்ற மூன்று மாநில சாம்பியன்களும் நீடர்சாக்சனின் இரண்டாமிடமும் ஒரு முறை மோதி, இரண்டு அணிகள் ஏறுகின்றன. நீளமான லீகை முடித்த கால்களோடு ஆளுக்கு மூன்று ஆட்டம். முடிவு தெரியும்போது ஜூன் வந்துவிடுகிறது. ஆட்டக்காரர்கள் கிளப் மாற விலகல் அறிவிக்க வேண்டிய கடைசி நாள் ஜூன் 30. எந்த லீகில் ஆடப்போகிறோம் என்றே சொல்ல முடியாத கிளப்பிடம் நல்ல ஆட்டக்காரர் ஏன் காத்திருக்க வேண்டும்? மே மாதத்துக்குள் சுற்றை முடிக்கும்படி மாநில லீக்குகளை ஒரு வாரம் முன்னதாகத் தொடங்குங்கள்.

சாம்பியன் மேலே போகாததன் விலையை அந்தக் கிளப் கொடுப்பதில்லை. மேலிருந்து ஒரு ஹாம்பர்க் அணி இறங்கி, இங்கிருந்து யாரும் ஏறாவிட்டால், ஓபர்லிகாவின் அடியில் கூடுதலாக ஓர் அணி இறங்க வேண்டியிருக்கும். அந்த அணி அடுத்த கீழ் அடுக்கான ஹன்சா அல்லது ஹமோனியா லாண்டஸ்லிகாவில் ஓர் இடத்தைப் பிடிக்கும், அங்கிருந்து இன்னொன்று அதற்கும் கீழுள்ள பெட்சிர்க்ஸ்லிகாவுக்குத் தள்ளப்படும். ஏப்ரலில் தப்பிவிட்டோம் என்று நினைத்த அணிக்கு ஜூனில்தான் செய்தி வரும். ஆகவே யார் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்பதை விண்ணப்பக் கெடு முடிந்த மறுநாளே வெளியிடுங்கள். கூடவே, யார் ஏறினால் எத்தனை பேர் இறங்குவார்கள் என்ற முழு அட்டவணையையும் சேர்த்து வெளியிடுங்கள்.

ஓபர்லிகா நோர்டை மீண்டும் கொண்டுவாருங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. மேலே போக விரும்பாத கிளப்புகளையும் அது நீண்ட பயணத்துக்கு இழுத்துவிடும். மேலே கேட்ட மாற்றங்களுக்குப் புது லீக் எதுவும் தேவையில்லை. அடுத்த சீசனுக்கான விதிகளை நீங்கள் எழுதும் கூட்டத்தில் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் பரிசோதனையை மட்டுமாவது இந்த ஆண்டே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஹாம்பர்க் ஓபர்லிகாவைத் தொடர்ந்து கவனித்துவரும் கால்பந்து ஆர்வலர்கள்