தங்கத் தகடும் ஃபிளாஷ் வெளிச்சமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைவினைஞர்கள் இணையத்தில் விற்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் இணையத்தில் பக்கம் தொடங்கிய பிறகு அதில் எந்தப் படத்தை வைப்பது, எதை நீக்குவது என்று ஒரு வரி கூட இல்லை. 15 வருடமாகத் தஞ்சாவூர் ஓவியம் செய்கிறவள் நான். முதலில், நான் செய்த எல்லா ஓவியங்களின் படங்களையும், நூற்றுக்கும் மேல், இன்ஸ்டாகிராமில் ஏற்றினேன். விசாரித்தவர்கள் எல்லாரும் விலை மட்டும்தான் கேட்டார்கள்.

அப்புறம் 14 படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட்டேன். ஃபிளாஷ் போட்டால் ஓவியத்தில் ஒட்டிய 22 காரட் தங்கத் தகடு வெள்ளையாக வெளிறிவிடும், கண்ணாடிச் சட்டம் போட்ட பிறகு எடுத்தால் நம் முகமே அதில் தெரியும். அதனால் சட்டம் போடும் முன்பே, காலை வெயில் நேராகப் படாத ஜன்னலோரம் சாய்த்து வைத்து எடுக்கிறேன். கூடவே பலகையில் துணி ஒட்டுவது, சாக்பீஸ் பவுடரும் கோந்தும் குழைத்து மேடு கட்டுவது, கல் பதிப்பது, தகடு ஒட்டுவது என ஒரே கிருஷ்ணரின் நாலு நிலைப் படங்கள். அளவும் எத்தனை நாள் ஆகும் என்பதும் கீழே தமிழிலேயே இருக்கும்.

இப்போது கேள்வியே மாறிவிட்டது, "எங்கள் பூஜை அறைக்கு இந்த அளவில் செய்ய முடியுமா?" என்கிறார்கள். மாவட்டத் தொழில் மையப் பயிற்சிகளில் இந்தப் படம் எடுக்கும் வேலைக்கும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஓவியர், தஞ்சாவூர்