குடியிருப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பேரவைக் கூட்டத்திற்குப் பிறகு செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. மழைக்கு முன் வடிகால் தூர்வாரப்பட்டது. இரண்டாம் தெருவில் மட்டும் வேலை பாதியில் நிற்கிறது, மனு கொடுத்துவருகிறோம். தண்ணீர் லாரி வரும் நேரம் இப்போது முதல் நாள் இரவே எல்லோருக்கும் தெரிவிக்கப்படுகிறது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். எனக்குத் தந்த நேரத்தின் பெரும்பகுதியை, அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் நாம் குடும்பம் குடும்பமாகச் சென்றுவந்த மாதிரி ரயில் கண்காட்சிக்கு ஒதுக்க விரும்புகிறேன். இந்த ஆண்டு சங்கம் செய்ததிலேயே நிறைவான காரியம் அதுதான் என்பது என் எண்ணம்.

பிள்ளைகளை மட்டும் அழைத்துப் போவது என்றுதான் முதலில் தீர்மானித்திருந்தோம். ஒரே பஸ், ஐம்பது இருக்கை, அதற்குமேல் நிதி இல்லை. மூன்றாம் தெரு அம்மையார் ஒருவர் எழுந்து, "ரயில் பெட்டி கட்டியவர்களை வீட்டில் உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு ரயிலை யார் காட்டப்போகிறீர்கள்?" என்று கேட்டார். கூட்டத்தில் யாருக்கும் பதில் வரவில்லை. பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ், ரயில் பெட்டி கட்டும் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். என்று மூன்று இடங்களிலும் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் நம் தண்டையார்பேட்டைத் தெருக்களில் இருக்கிறார்கள். அன்றைக்கே உறுப்பினர்கள் கைப்பணம் போட, இரண்டாவது பஸ்ஸும் ஏற்பாடானது.

பெரம்பூரில் ஒரு மண்டபத்தில், மாதிரி ரயிலில் ஆர்வமுள்ள சிலர் சொந்தச் செலவில் அமைத்திருந்த கண்காட்சி அது. மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மலை, குகை, பாலம், கைகாட்டி, ரயில்வே கேட் எல்லாம் வைத்திருந்தார்கள். அசலில் 87-இல் ஒரு பங்கு அளவு. இருபத்தொன்றேகால் மீட்டர் நீளமுள்ள ஐ.சி.எஃப். பெட்டி அங்கே சுமார் 24 சென்டிமீட்டர். பள்ளிக்கூட ஸ்கேலை விடச் சிறியது. பிள்ளைகள் முதலில் மொய்த்தது கேட்டைத்தான். ரயில் நெருங்கும்போது கட்டை தானாக இறங்குவதையும், கடைசிப் பெட்டி போனதும் உடனே ஏறிவிடுவதையும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கேட் அடைத்து அடைத்துப் பள்ளிக்குத் தாமதமாகும் நம் பிள்ளைகளுக்கு அந்த "உடனே" எவ்வளவு பெரிய அதிசயம் என்பது இங்கிருக்கும் எல்லோருக்கும் புரியும்.

நான் சொல்ல வந்தது வேறு. ஐ.சி.எஃப்.பில் போகி, அதாவது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம் செய்யும் ஷாப்பில் (பணிப்பிரிவில்) ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒருவர், நெடுநேரம் ஒன்றும் பேசாமல் மேசை ஓரத்தில் கண்ணைத் தண்டவாளத்தின் மட்டத்திற்கு இறக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்காட்சிக்காரரை அழைத்து, "தம்பி, சக்கரம் உள்ளே தள்ளி நிற்கிறதே, இது நம் லைன் இல்லையே" என்றார். அந்தத் தம்பியின் முகம் மலர்ந்தது. பார்க்க வந்தவர்களில் அதைக் கண்டுபிடித்தவர் இவர் ஒருவர்தான் என்றார்.

விஷயம் இதுதான். நம் அகல ரயில்பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வர வேண்டும். கடைகளில் கிடைக்கும் இந்த அளவு மாதிரித் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர். வெளிநாடுகளில் பரவலாக உள்ள 1,435 மில்லிமீட்டர் பாதையைக் கணக்கிட்டுச் செய்தது அது. நம் விம்கோ நகர் வரை வரும் மெட்ரோ ஓடுவதும் அந்த அகலத்தில்தான். பெட்டியை அளவு பிசகாமல் செய்தாலும், இந்தத் தண்டவாளத்தில் ஓட வேண்டும் என்பதால் சக்கரத்தை உள்ளே தள்ளித்தான் பொருத்த வேண்டியிருக்கிறது. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம்! கண்ணாடி போட்டுக்கொண்டும் எனக்கு அது தெரியவில்லை.

அதன் பிறகு பெரியவரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. நீலப் பெட்டி ஒன்றைக் கண்காட்சிக்காரர் எடுத்துக் கவிழ்த்து அவர் உள்ளங்கையில் வைத்தார். பெரியவர் ஸ்பிரிங் இருக்கும் இடத்தை நகத்தால் தொட்டுக்காட்டி, அசல் போகியில் ஸ்பிரிங்கின் நடுவே எண்ணெய் நிற்கும், பெட்டி குதிக்காமல் போவது அதனால்தான் என்று பேரனுக்குச் சொன்னார். அந்த வகைப் பெட்டி கட்டுவதை ஐ.சி.எஃப். 2018-இல் நிறுத்திவிட்டது, அதே ஆண்டு அங்கேதான் வந்தே பாரத் ரயில் உருவானது. "தாத்தா, நீங்கள் செய்த பெட்டி இப்போது எங்கே ஓடுகிறது?" என்று பேரன் கேட்டான். பெரியவர் பதில் சொல்லாமல் அந்தப் பெட்டியை இரு கைகளாலும் பிடித்துத் தண்டவாளத்தில் திரும்ப வைத்தார். ஒரு சக்கரம்கூட விலகாமல் உட்கார்ந்தது.

ஒரு சிறு சங்கடமும் நேர்ந்தது. கடலை மிட்டாய் தின்ற கையோடு ஒரு குழந்தை தண்டவாளத்தைத் தொட்டுவிட, ரயில் அந்த இடத்தில் நின்றுவிட்டது. இரண்டு தண்டவாளங்களும்தான் மின்கம்பிகள்; சக்கரம் வழியாகவே மோட்டாருக்கு மின்சாரம் ஏறுகிறது; பிசுக்கு பட்டால் தொடர்பு அறுந்துவிடும். குழந்தையின் தாய் பதறிப்போனார். கண்காட்சிக்காரர் கடிந்துகொள்ளவில்லை. ஸ்பிரிட் தொட்ட துணியை அந்தக் குழந்தையிடமே கொடுத்துத் துடைக்கச் சொன்னார். ரயில் புறப்பட்டதும் எல்லோரும் கைதட்டினோம். அவருக்குச் சங்கத்தின் நன்றி.

அட்டையில் செய்த ராயபுரம் ரயில் நிலையமும் ஒரு மூலையில் இருந்தது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் சேவை அங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை தொடங்கியது. பக்கத்திலேயே வாழ்ந்தும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். திரும்பும்போது ஓட்டுநரிடம் கேட்டு அந்த வழியாக வந்தோம். அந்தி வெளிச்சத்தில் தூண்களை எண்ணி, அட்டை நிலையத்தில் இருந்த கணக்கோடு பிள்ளைகள் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். கண்காட்சி முதல் மாடியில் நடந்தது, லிஃப்ட் இல்லை. முன்கூட்டியே நேரில் போய்ப் பார்க்காதது என் தவறு. முழங்கால் வலியுள்ள இரண்டு பெரியவர்களை நம் இளைஞர்கள் நாற்காலியோடு தூக்கிச் சென்றார்கள். அவர்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்றாலும், எனக்கு அது இன்றுவரை உறுத்துகிறது.

கோடை விடுமுறையில் வில்லிவாக்கத்தில் உள்ள ரயில் அருங்காட்சியகத்திற்குச் செல்லச் செயற்குழு பரிந்துரைக்கிறது. நபர் கணக்கு வேண்டாம், வீட்டுக் கணக்காகவே கட்டணம் வைக்கலாம், அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு முன் இருக்கை என்ற இரு திருத்தங்களோடு இதைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். பெயர் தருபவர்கள், வீட்டுப் பெரியவர் எந்த ஷாப்பில் வேலை பார்த்தார் என்பதையும் சேர்த்து எழுதித் தாருங்கள்.