பாண்டாஸைக் கழற்றி விடு

டேய் மாப்ள,

கடுதாசியே இல்லை என்று நம் நண்பன் மொட்டையிடம் சொல்லி அழுதாயாமே. இதோ எழுதிவிட்டேன், கணக்கு நேர். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

நீ பைத்தான் மொழியில் எழுதிய பேங்க் ஸ்டேட்மென்ட் கன்வெர்ட்டரைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு சிஎஸ்வியை, அதாவது கமாவால் பிரித்த அட்டவணை ஃபைலை, வரிவரியாகப் படித்து வேறு வடிவில் எழுதுகிறது, அவ்வளவுதான். அதற்குப் பெரிய அட்டவணைகளை அலசும் பாண்டாஸ் லைப்ரரியா? ஒரு டம்ளர் காபிக்குக் கல்யாண வீட்டு அண்டாவா? பாண்டாஸ் 2 வந்தால் நம்பை, டேட்யூட்டில், பைடிஇசட், டிஇசட்டேட்டா என்று வேறு லைப்ரரிகளும் கூடவே வரும். டேட்யூட்டிலின் வாலைப் பிடித்துக்கொண்டு சிக்ஸ் வரும். பைத்தான் 2-க்கும் 3-க்கும் பாலம் போட எழுதியது அது. பைத்தான் 2-க்கு 2020-லேயே பால் ஊற்றியாயிற்று!

இடம் அடைப்பது போகட்டும். அது தானாக ஊகிப்பதுதான் எனக்குப் பயம். 03/04/2024 என்ற தேதியை, 'நாள்தான் முதலில்' என்று உணர்த்தும் டேஃபர்ஸ்ட் சொல்லாமல் கொடுத்தால் மார்ச் 4 ஆக்கிவிடும். பின்னால் 15/04 வந்தால் எர்ரர் அடித்து மாட்டும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள் மட்டும் உள்ள ஃபைல் என்றால் சத்தமே வராது, கணக்கு மட்டும் தப்பாக இருக்கும். அக்கவுன்ட் நம்பரின் முன்பூஜ்யம் காணாமல் போகும். யுபிஐ நம்பர் நெடுவரிசையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தால் மொத்த நெடுவரிசையும் ஃப்ளோட், அதாவது புள்ளி வைத்த எண், ஆகி ஒவ்வொரு நம்பர் பின்னாலும் .0 ஒட்டிக்கொள்ளும். அடுத்தவன் பணக்கணக்கடா இது.

பைத்தானோடு வரும் சிஎஸ்வி மாட்யூலே போதும். எல்லாவற்றையும் எழுத்தாகவே தரும், ஊகிக்காது. ஆனால் அதிலும் பள்ளங்கள் உண்டு. ஃபைலைத் திறக்கும்போது வரிமுடிவைக் கவனிக்கும் நியூலைனுக்கு வெற்று ஸ்டிரிங் கொடு. எழுத்துக் குறியீட்டைச் சொல்லும் என்கோடிங்கை யுடிஎஃப்-8-சிக் என்று போடு. வெறும் யுடிஎஃப்-8 போட்டால், எக்ஸெலில் சேமித்த ஃபைலின் தலையில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத குறி முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். பிரிண்ட் பண்ணினால் 'டேட்' என்றுதான் தெரியும், ஆனால் அந்தப் பெயரே இல்லை என்று கீஎர்ரர் வரும். மண்டை காயும். மேலே பேங்க் முகவரி வரிகள் இருந்தால், தலைப்பு வரி வரும்வரை தள்ளிவிட்டு, அந்தத் தலைப்பு வரியிலிருந்து டிக்ட்ரீடரிடம் கொடு; அது ஒவ்வொரு வரியையும் தலைப்புப் பெயர்வாரியாகப் பிரித்துத் தரும். 1,25,000.00-இல் கமாவை நீக்கிவிட்டு, பைசா பிசகாத டெசிமலாக மாற்று, தோராயமான ஃப்ளோட் வேண்டாம். காலிக் கட்டத்தை டெசிமல் ஏற்காது, முன்பே பார்த்துவிடு. தேதிக்கு, எழுத்தைத் தேதியாக்கும் ஸ்டிரிப்டைம், ஒவ்வொரு பேங்குக்கும் அதன் வடிவம் எழுதிவைத்து.

எக்ஸெல் ஃபைல் படிக்கும் ஓபன்பைஎக்ஸெல்லை மட்டும் விட்டுவை. அதை நீயே எழுதக் கிளம்பினால் கரையேற மாட்டாய். தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் பைப்ராஜெக்ட் ஃபைலில் ஆப்ஷனலாக வைத்து, தேவைப்படும் ஃபங்ஷனுக்குள் இம்போர்ட் பண்ணு. இல்லாதவனுக்கு எதை இன்ஸ்டால் செய்வது என்று ஒரு வரி காட்டு. நெட்டிலிருந்து ரேட் இறக்க வைத்திருக்கும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியையும் பைத்தானோடு வரும் யுஆர்எல்லிப்பால் மாற்றலாம், எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் டைம்அவுட்டை மறக்காதே. ஆனால் உன் ஆட்களில் மேக் கம்ப்யூட்டர்காரர்கள் நிறைய என்றால் தொடாதே. பைத்தானை அதன் தளத்திலிருந்து இறக்கியவர்களுக்கு சர்டிஃபிகேட் தகராறு வரும், எல்லோரும் உன்னிடம்தான் வந்து நிற்பார்கள்.

கை வைப்பதற்கு முன்னால் இப்போதைய வெர்ஷனில் மாதிரி ஃபைல்களை ஓட்டி அவுட்புட்டைச் சேமித்துவை. ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய அவுட்புட்டோடு ஒப்பிட்டு டிஃப் பார். வித்தியாசம் வந்தால் புதியதுதான் தப்பு என்று நினைத்துவிடாதே, முன்பூஜ்யம் திரும்பி வந்திருக்கும். டெஸ்டைப் புது வென்வில், அதாவது பழைய லைப்ரரிகள் இல்லாத தனிச் சூழலில், ஓட்டு. பழையதில் பாண்டாஸ் கிடப்பதால் எங்கோ மறந்துபோன இம்போர்ட் பிடிபடாது.

ஒன்று கேட்க வேண்டும்: உன் ரீட் ஃபங்ஷன் பாண்டாஸின் அட்டவணையான டேட்டாஃபிரேமைத் திருப்பித் தருகிறதே, அதை வெளியாட்கள் யாராவது இம்போர்ட் செய்கிறார்களா? செய்தால் அவர்கள் புரோகிராம் உடையும்; அடுத்த வெர்ஷன் 1.5 இல்லை, 2.0. பார்த்துவிட்டு எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.